பழையபடி

மகள் போன பிறகு, பல்செட் மாமா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டின் அடியில் சற்று நிற்பார். அங்கே, கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டி, அவளுடைய சைக்கிள் நின்றது. அதன் இருக்கையில் உள்ளங்கையை விரித்து வைப்பார். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தூசி தட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த இருக்கை அவருடைய இடுப்புக்கு மேலே வந்தது. மகள் அவரைவிட உயரம், காலும் நீளம்.

"நான் போட்ட சாப்பாட்டுல வளந்துட்டு என்னையே குனிஞ்சு பாக்கறியா?" என்று கேட்பார்.

"நீங்களும் அதே சாப்பாட்டதானே சாப்பிட்டீங்க? நீங்க ஏன் வளரல?" என்பாள் அவள்.

சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. படுப்பதற்கு முன்பு கடைசியாக, கொட்டுகிற மழையில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, அதே இடத்தில் சாய்த்து, பூட்டிவிட்டு மேலே வந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளை யாரும் அசைக்கவில்லை. அவள் விட்ட உயரத்தில் இருக்கை நின்றது. கைப்பிடியில் சுற்றியிருந்த நீல நாடா, அவள் இடது கை அழுந்திய இடத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. அடிக்கம்பியில் அன்றைய மழைச்சேறு காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

அந்தச் சேற்றை விட்டுவைத்தது அவருடைய மனைவி. அது சாதாரண விஷயமில்லை. அந்த அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். விரிப்பில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். வீட்டுக்கு வந்தவர்கள் எழுந்துபோவதற்குள் அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிடுவார் என்று உறவில் கேலி உண்டு. அப்படிப்பட்டவர், படிக்கட்டைப் பெருக்கும்போது, சைக்கிளைச் சுற்றி வளைத்துப் பெருக்கினார். துடைப்பத்தின் நுனிகூட அதன்மேல் படவில்லை.

மாமாவின் வேலை பல்செட் செய்வது. பல் மருத்துவமனையின் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு விளக்கு, ஒரு அடுப்பு, தேய்க்கிற இயந்திரம். நோயாளிகளை அவர் பார்ப்பதில்லை. அவர்கள் கடித்துக் கொடுத்த மெழுகும், மாவில் எடுத்த வாய் அச்சும்தான் அவருக்கு வரும். செட் வாங்கிக்கொண்டு ஆள் போய்விடுவார். அச்சு அலமாரியில் இருக்கும். ஆளே உலகத்தைவிட்டுப் போன பிறகும் அவருடைய வாய் மட்டும் அங்கே சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு மனிதர் தம் அளவை எங்கெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார் என்பது மாமாவுக்குத் தெரியும். மகளின் துணிகளை மடித்துவிட்டால் யாருடைய துணியோ என்று ஆகிவிடுகிறது. புகைப்படத்தில் எல்லாரும் ஒரே உயரம். இந்தச் சைக்கிளில்தான் அவள் இருந்தபடியே இருந்தாள்: இவ்வளவு கால், இவ்வளவு கை, இந்த மழை.

ஒரு நாள் காலையில் இறங்கி வந்தபோது சங்கிலி மட்டும் தரையில் கிடந்தது. யாரோ வெட்டியிருந்தார்கள்.

மாமா மறுபடியும் படியேறிப் போனார். மனைவி டப்பாவில் மதியச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கீழ சைக்கிள நீ எங்கயாச்சும் நகத்தி வச்சியா?"

"நான் எதுக்குங்க நகத்தறேன்?"

கேட்ட கேள்வி என்னவென்று அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. டப்பாவை மூடாமலேயே இறங்கி ஓடினார். வெட்டுண்ட சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிள் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை விடியலில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சைக்கிள் கூட்டம் சேரும். மருந்துக் கடை, பள்ளிக்கூடம், தபால் நிலையம் என்று ஆளுக்கொரு வேலையில் இருப்பவர்கள். வாரம் முழுக்க இருந்த முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருவதால் பெயரையும் கழற்றிவிடுவார்கள். எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். மகளுக்குத் தும்பி என்று பெயர். நிற்கிற மாதிரி இருக்கும், பார்த்தால் தெருக்கோடியில் இருப்பாள். அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டியே எப்போதும் ஒரு பெண் வருவாள். அவளுக்கு ஸ்டிக்கர் என்று பெயர். முன்னால் போகிறவர் காற்றை மறைத்தால் பின்னால் வருபவருக்கு மிதிப்பது சுலபம், அதற்காகத்தான் என்பாள். உண்மையில் இருவரும் பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சு காலத்திலிருந்தே அப்படித்தான். கூட்டத்துக்குத் தலைவர் கேப்டன். வேலை லிஃப்ட் ரிப்பேர். "ஆறு நாளும் மேல கீழ போறேன், ஏழாவது நாளாவது நேரா போவோமே" என்று சைக்கிளுக்கு வந்தவர்.

மகளின் இறுதிச் சடங்குக்குப் பிறகு மாமா அந்தப் பக்கமே போகவில்லை. சைக்கிள் காணாமல் போன அந்த வார ஞாயிறு போனார். அவரைக் கண்டதும் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம தும்பி வண்டியவா?" என்றார் கேப்டன். "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க. இந்த ஊர்ல ரெண்டு சக்கரம் இருக்கற எதையும் பாக்காம விடமாட்டோம்."

"போலீசுல சொல்லியிருக்கேன். கண்டுபிடிக்கறது கஷ்டம்னாங்க."

"அவங்க ஜீப்புல போவாங்க. நாங்க சைக்கிள்ல போறோம். சந்துல எது நிக்குதுன்னு எங்களுக்குத்தான தெரியும்?"

ஸ்டிக்கர் பக்கத்தில் வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, எப்படியாச்சும் கண்டுபிடிச்சுருவோம்."

"பழையபடி கிடைச்சா போதும்மா," என்றார் மாமா. "எனக்கு அது பழையபடி வேணும்."

"பழையபடியே தரோம் மாமா."

அந்தச் சொல்லை அவர் ஒரு பொருளில் சொன்னார். அவள் வேறு பொருளில் வாங்கிக்கொண்டாள். மகள் இறங்கிவிட்டுப் போன அந்தக் கணத்தில் இருந்தபடி என்று அவர் நினைத்தார். சைக்கிளை நேசிக்கிறவர்களுக்கோ பழையபடி என்றால், கடையிலிருந்து அதை முதன்முதலாக உருட்டிக்கொண்டு வந்த நாள். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. அன்பானவர்களுக்குள் இப்படி ஆகிவிடுவதுண்டு. சந்தேகம் இருந்தால்தானே விளக்கம் கேட்கத் தோன்றும்?

*

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் செய்த காரியத்தைச் சொல்லாவிட்டால் பாவம். தபால்காரர் தம் தடத்தில் ஒவ்வொரு வாசலையும் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் பழைய இரும்புக் கடைகளில் புகுந்து கிளறினார். ஸ்டிக்கர் மருந்துக் கடையில் நிற்கிறவள். மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கைபேசியில் படத்தைக் காட்டினாள். "இருமலுக்கு வந்தேன்மா, துப்பறிய வரல" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். ஆனால் அவரும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கடைசியில் கேப்டன் கண்ணில்தான் பட்டது. ஐஸ் தொழிற்சாலையில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், பின்கட்டுச் சுவரோரம் அது நிற்பதைக் கண்டார்.

ஸ்டிக்கர் தொலைபேசியில் கூப்பிட்டபோது மாமா மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா! கிடைச்சிருச்சு!"

மாமா அடுப்பை அணைத்தார். பிறகு உட்கார்ந்தார். "பழையபடி இருக்கா?"

"கொஞ்சம் அழுக்கா இருக்கு, அவ்வளவுதான். நீங்க கவலையே படாதீங்க. ஞாயித்துக்கிழமை பழையபடி உங்க கையில குடுக்கறோம்."

"நான் வேணா இப்பவே..."

"வேணாம் மாமா. ஞாயித்துக்கிழமை. எல்லாரும் இருக்கணும். எங்களுக்காக."

எங்களுக்காக என்று கேட்ட பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. "நல்லா இரும்மா," என்று சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த வாய்களுக்கு முன்னால் கைகூப்பினார்.

அழுக்கா இருக்கு என்று அவள் சொன்னது அவருடைய காதில் விழுந்தது. அழுக்கு என்பது அந்தச் சேறுதான் என்று எண்ணி அவர் மகிழ்ந்துகொண்டார்.

மாமாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். எதையாவது கைவிட்டுவிட்டால் அதற்கு முழுக்குப் போட்டாச்சு என்று சொல்கிறோம் அல்லவா? இவர்கள் முழுக்கு என்பதே வேறு. திருட்டுப் போன சைக்கிள் திரும்பக் கிடைத்தால், உரியவர் கையில் கொடுப்பதற்கு முன் அதை முழுவதும் கழற்றி, கழுவி, தேய்த்து, எண்ணெயிட்டு, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, ஏறுகிறவருடைய அளவுக்குப் பொருத்திக் கொடுப்பார்கள். முன்பு ஒருமுறை, மீட்ட சைக்கிளை அப்படியே கொடுத்து, திருடன் தளர்த்தி வைத்திருந்த பிரேக்கால் ஒரு அம்மா விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்த வழக்கம். நல்ல மனத்தில் பிறந்தது. யாருக்கும் இதுவரை கெடுதல் செய்ததில்லை.

தும்பியின் சைக்கிளுக்கு முழுக்குப் போட ஸ்டிக்கர் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மனைவி வரவில்லை. "அத்தனை பேர் முன்னால என்னால முடியாதுங்க. நீங்களே போய்க் கொண்டாந்துருங்க." மாமா படியிறங்கும்போது மேலிருந்து குரல் வந்தது. "பாத்து உருட்டிட்டு வாங்க. வேகமா உருட்டினா மண்ணு உதிர்ந்துரும்."

தண்ணீர்த் தொட்டியின் கீழே, ஒரு வெள்ளைத் துணி போர்த்தி, சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லார் முகத்திலும், பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் பரபரப்பு.

"அதை வச்சிருந்த ஆளை அடிச்சீங்களா?" என்றுதான் மாமா முதலில் கேட்டார்.

"கை வைக்கல அண்ணே," என்றார் கேப்டன். "ஐஸ் கட்டி தூக்கற ஆளு. திருடினானா, திருடினவன்கிட்ட வாங்கினானான்னு கடைசி வரைக்கும் சொல்லல. பேசாம உருட்டிக் குடுத்துட்டான். குடுத்துட்டு, நான் எப்படிங்க வீட்டுக்குப் போறதுன்னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? என் பைக்குல ஏத்தி வீட்ல விட்டுட்டு வந்தேன். வழியெல்லாம், லெஃப்ட்ல திரும்புங்க சார், ரைட்ல திரும்புங்க சார்னு எனக்கே வழி சொல்றான்!"

கூட்டம் சிரித்தது. கேப்டனுக்கு உற்சாகம் ஏறியது.

"இதுல கூத்து என்னன்னா அண்ணே, ஆளு நம்ம தோளுக்குக்கூட வரமாட்டான். சீட்டு எட்டல. இறக்கலாம்னா ஆலன் கீ வேணும், அந்த ஆறு மூலைச் சாவி, அது அவன்கிட்ட இல்ல. இவ்வளவு நாளும் நுனிக்கால்ல, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கிட்டே ஓட்டியிருக்கான். ஒரு திருகாணியக்கூடத் தொடல. திருடனுக்கே தண்டனை குடுத்துட்டா நம்ம தும்பி!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனதுக்குள், 'கடவுளே, அவன் கையில் அந்தச் சாவி கிடைக்காமல் பார்த்துக்கொண்டாயே' என்று நன்றி சொன்னார். மகள் போன பிறகு அவர் கடவுளுக்குச் சொன்ன முதல் நன்றி அது.

ஸ்டிக்கர் துணியை இழுத்தாள்.

சைக்கிள் பளபளத்தது. அடிக்கம்பியில் தெரு தலைகீழாகத் தெரிந்தது. கைப்பிடியில் புத்தம்புதுச் சிவப்பு நாடா, ஒரு சுருக்கமில்லாமல், பூத்தொடுத்த மாதிரி சுற்றியிருந்தது. கூட்டம் கைதட்டியது.

மாமாவின் கை தானாக நீண்டு, இருக்க வேண்டிய உயரத்தில் போய் விரிந்தது. அங்கே எதுவும் இல்லை. கை அப்படியே காற்றில் சற்று நின்று, பிறகு மெல்லக் கீழே இறங்கி, இருக்கையைத் தொட்டது.

"உங்க அளவுக்கு வச்சிருக்கோம் மாமா," என்றாள் ஸ்டிக்கர். கண்கள் மின்னின. "எனக்கு வேணும்னு சொன்னீங்கல்ல? அதான். முந்தாநாள் நீங்க டீக்கடைல நின்னப்பவே உங்களுக்குத் தெரியாம கண்ணால அளவெடுத்துட்டேன். ஏறுங்க மாமா! ஒரு ரவுண்டு!"

"ஏறுங்கண்ணே! தும்பி வண்டி உங்களைத் தள்ளாது!"

மாமா சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். விடியலுக்கு முன் எழுந்து வந்த முகங்கள். ஸ்டிக்கரின் நகக்கண்களில் சங்கிலி எண்ணெயின் கருப்பு மை இன்னும் போகாமல் இருந்தது. ஏறினார். வாலிபத்தில் ஓட்டியது, காலுக்கு மறக்கவில்லை. இருக்கை அளவாக இருந்தது. கை நீட்டிய இடத்தில் கைப்பிடி இருந்தது. அவருக்கென்றே செய்த மாதிரி ஒவ்வொன்றும் அவருக்குப் பொருந்தியது. மகளுக்குப் பொருந்துகிற ஒன்றுகூட அதில் மிச்சமில்லை. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியபோது அவருடைய கன்னம் நனைந்திருந்தது. கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

"பழைய நாடா..." என்றார் மெதுவாக.

"அதையேன் கேக்கறீங்க! நைஞ்சு நாராப் போச்சு. தூக்கிக் குப்பையில போட்டாச்சு," என்றார் கேப்டன். "லாரிக்காரன் அன்னைக்கே அள்ளிட்டுப் போயிட்டான்."

"நல்லதுப்பா," என்றார் மாமா. "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. எல்லாரும் நல்லா இருக்கணும்."

அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. அவர்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

ஸ்டிக்கர் மட்டும் கைதட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவருடைய கை காற்றில் நின்ற இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மனைவி படிக்கட்டின் அடியிலேயே காத்திருந்தார். வாசலில் சைக்கிளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கிட்டே வந்தபோது அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. குனிந்து அடிக்கம்பியைப் பார்த்தார். விரலால் தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"கழுவிட்டாங்களா?"

"ம்."

"யாரு? அந்தத் திருடனா?"

"இல்லம்மா. நம்ம பசங்க."

அந்த அம்மா நிமிர்ந்தார். இருக்கையைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "இறக்கியும் வச்சிட்டாங்களா?"

"எனக்காம். நான் ஓட்டுவேன்னு நினைச்சு அளவா வச்சிருக்காங்க."

"திருடினவன் என்ன பண்ணான்?"

"அவன் எதையும் தொடலையாம்."

"அப்ப திருடன் கையிலயே இருந்திருக்கலாமே!" என்று வெடித்தார் மனைவி. "அவன்கிட்ட இருந்தவரைக்கும் என் பொண்ணு பொண்ணா இருந்திருக்கா! போனைக் குடுங்க. நான் கேக்கறேன். யாரைக் கேட்டுக் கழுவினீங்க? ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்?"

"அந்தப் பொண்ணோட நகத்தைப் பாத்தேன். எத்தனை பொழுது உக்காந்து தேச்சாளோ. நீ கேட்டுட்டா அவளுக்கு அது ஆயுசுக்கும் போகாது. நமக்குப் போனது போச்சு. அவளையும் சேத்து ஏன் அழிக்கணும்?"

"அப்ப நான் யார்கிட்டதாங்க கோவிச்சுக்கறது?"

"என்கிட்ட கோவிச்சுக்கோ."

"உங்ககிட்ட கோவிச்சுக் கோவிச்சு எனக்கே அலுத்துப்போச்சு," என்று சொல்லி, அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கெட்ட எண்ணத்தோடு செய்த தீங்கென்றால் அதைத் திட்டலாம், சபிக்கலாம், கொஞ்சம் ஆறுதலாவது கிடைக்கும். அன்பினால் வந்த தீங்கை என்ன செய்வது? சுமக்கத்தான் வேண்டும். அதைச் சுமக்கிறவர்களின் பாரத்தைக் கடவுள் தனியாக எடைபோட்டு வைத்திருப்பார் என்று மாமா நம்பினார். அந்த நம்பிக்கைகூட அன்று அவருடைய கைக்கு எட்டாமல்தான் இருந்தது. சாப்பிடவும் இல்லை. சைக்கிளை அதே இடத்தில் சாய்த்துப் புதுச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மறுநாள் காலையில் கிளம்பியபோது படிக்கட்டின் அடியில் நிற்காமல் போனார்.

*

அன்று மாலை, கடை வேலை முடிந்து, ஸ்டிக்கர் வந்தாள். தன் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, மேலே வராமல், படிக்கட்டின் அடியிலேயே நின்று கூப்பிட்டாள். இருவரும் இறங்கி வந்தார்கள். அவள் கையில் ஆலன் கீ இருந்தது.

"மாமா, உங்க கை எங்க போச்சுன்னு பாத்தேன்," என்றாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் இறக்கினேன். நாடாவை நான்தான் அறுத்தேன். அவ கை பட்ட நாடா. அறுக்கறப்ப ஐயோ இவ்வளவு தேஞ்சிருக்கேன்னு நினைச்சேனே தவிர, ஏன் தேஞ்சதுன்னு எனக்குத் தோணலையே மாமா."

மாமா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நேற்றிலிருந்து அந்த அம்மா சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மா வாயைத் திறந்தார். அழுகிற பெண்ணைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு போய் அவளருகே அதே படியில் உட்கார்ந்தார்.

"மூக்கைத் துடை," என்றார். "முதல்ல அதைச் சொல்லு. அந்த சீட்டை மேல தூக்க முடியுமா?"

"முடியும் அத்தை. அதுக்குத்தான் வந்தேன்."

திருகாணியைத் தளர்த்தி, இருக்கைத் தண்டை மேலே இழுத்தாள். பல நாள் ஒரே உயரத்தில் இருந்தால் அந்தத் தண்டில் ஒரு கோடு விழுந்திருக்கும். உள்ளே இருந்த பகுதி ஒரு நிறம், வெளியே இருந்தது ஒரு நிறம். அதைத்தான் நம்பி வந்திருந்தாள். கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடினாள். தண்டு முழுக்க ஒரே பளபளப்பு.

"தேய்ச்சுட்டேன்," என்றாள் மெல்லிய குரலில். "அதையும் நானே தேய்ச்சுட்டேன்."

"சரி, விடு," என்றார் மாமா. "நீதான் எப்பவும் அவ பின்னாடி வருவியே. கண்ணால பாத்துச் சொல்லு."

அவள் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினாள். "என் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல அவ சீட்டு தெரியும். இப்படி. இல்ல... இன்னும் கொஞ்சம்." நிறுத்தினாள். "இவ்வளவு, மாமா."

மாமா கண்ணை மூடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை இடறியது. இரண்டு விரல் கூடுதல் என்று தோன்றியது. கொஞ்சம் இறக்கச் சொன்னார். வைத்தார். இப்போது குறைவு என்று தோன்றியது. ஏற்றச் சொன்னார். எத்தனையோ காலையில் வைத்த கை. கேள்வி கேட்காத வரையில் அதற்குத் தெரிந்திருந்தது. கேட்டதும் குழம்பிப்போயிற்று.

"இவ்வளவு மேல இல்லீங்க," என்றார் மனைவி. "நான் பெருக்கிட்டு நிமிர்றப்ப என் தோளுல இடிக்கும். இங்க."

"அத்தை, அது ரொம்பக் கீழ. அவ முட்டி மடங்கும்."

"என் தோளு எனக்குத் தெரியாதா?"

மூன்று பேரும் மூன்று உயரம் சொன்னார்கள். பெற்றவளும், பெற்றவரும், கூடவே வளர்ந்தவளும். அவளை அவர்களைவிட அறிந்தவர்கள் உலகத்திலேயே இல்லை. அவளுடைய கால் எவ்வளவு நீளம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

தளர்ந்திருந்த இருக்கையை ஸ்டிக்கர் ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓர் இடத்தில் நிறுத்தி, மாமாவைப் பார்த்தாள். கேள்வி கேட்கக்கூடத் தைரியமில்லாத பார்வை.

மாமா உள்ளங்கையை வைத்தார். அது இல்லை. அவருக்குத் தெரிந்தது.

"இதான்மா," என்றார். "இதேதான். கை சொல்லுது."

"நிஜமாவா மாமா?"

"நிஜமா. நீயே பாரும்மா," என்று மனைவி பக்கம் திரும்பினார்.

அந்த அம்மா இருக்கையைப் பார்க்கவில்லை. கணவருடைய முகத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்குத் தெரியாதா? குனிந்து, தோளை இருக்கையின் விளிம்பில் வைத்தார்.

"ஆமா," என்றார். "இடிக்குது. இதான்."

ஸ்டிக்கர் மூச்சை விட்டாள். திருகாணியை முடுக்கினாள். அவள் நம்பினாளா, நம்புகிற மாதிரி அவர்களுக்காக இருந்தாளா என்று மாமாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. திருகாணி இறுகிய பிறகும் அவளுடைய கை சாவியை முடுக்கிக்கொண்டே இருந்தது.

"போதும்மா, மரை போயிரும்," என்றார் மாமா.

அவள் சாவியை எடுத்தாள். மனைவி அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பி, மையேறிய விரல்களைப் பார்த்தார்.

"மேல வா. இந்தக் கையோட எப்படி வீட்டுக்குப் போவே? சோப்பு தரேன்."

"பரவால்ல அத்தை."

"வான்னா வா."

இருவரும் முன்னால் படியேறினார்கள். மாமா மெல்லப் பின்னால் ஏறினார்.